வாசல் வரை துப்பாக்கி

கதவில் கை வைத்த பிறகுதான் ஹோலிஸ் டக்கெட் அந்தப் பலகையைப் படித்தார். இங்கிலீஷில் ஒரு தடவை, ஸ்பானிஷில் ஒரு தடவை, ரோட்டில் போகிற லாரிக்காரனுக்கும் தெரிகிற எழுத்தில் எழுதியிருந்தது: "துப்பாக்கியுடன் உள்ளே வரக் கூடாது."

கை தானாக இடுப்புக்குப் போனது. இருந்தது.

பேன்ட் போட்டதும் ரிவால்வரை உறையில் செருகுவது அவருக்குப் பல் தேய்ப்பது மாதிரி. மூக்குக் கண்ணாடியை மறந்த நாள் உண்டு, இதை மறந்த நாள் கிடையாது. இன்றைக்கு ஒரு நாள் மறந்திருக்க வேண்டும். அதைத்தான் மறந்துவிட்டார்.

மகள் டார்லா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அப்பா, இன்னிக்கு ஒரே ஒரு ராத்திரி. எலியட்டோட அம்மா அப்பா பாஸ்டன்லேருந்து வர்றாங்க. துப்பாக்கின்னு பேப்பர்ல படிச்சாலே அவங்களுக்குச் சாப்பாடு இறங்காது. உன் இடுப்புல அதைப் பார்த்தாங்க, அவ்வளவுதான். அப்புறம் கல்யாணத்தன்னிக்குச் சர்ச்சுல என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது நீ இல்ல, பெரியப்பாதான். சொல்லிட்டேன்."

அண்ணன் கையில் தன் மகளின் கையா? வாங்கின புல்வெட்டியைத் திருப்பித் தராத அந்த ஆளிடமா?

டார்லா இந்த ஸ்டீக் ஹவுஸைப் பிடித்ததே அந்தப் பலகைக்காகத்தான். டெக்சஸில் அந்தப் பக்கம் முழுக்கச் சலித்தாலும் அப்படி மாட்டியிருக்கும் சாப்பாட்டுக் கடை இது ஒன்றுதான். மற்ற நாளாக இருந்தால் வண்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார், கதை முடிந்தது. ஆனால் அவரை வாசலில் இறக்கிவிட்டு, "எலியட்டைக் கூட்டிட்டு வந்துடறேன், நீ போய் டேபிளைப் பிடி" என்று டார்லா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வரவேற்பில் நின்ற யெசேனியாவைக் கதவிடுக்கு வழியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, இதைக் கொஞ்ச நேரம் உன் மேஜைக்குள்ள வச்சுக்கிறியா?"

"ஐயோ ஹோலிஸ் சார்! உள்ள வரவும் கூடாது, நாங்க தொடவும் கூடாது. மேனேஜர் ரூல்."

"அப்ப எங்கதான் வைக்கிறது?"

"அதுக்கு ரூல் இல்ல."

"நான் இந்த வராந்தாவிலேயே சாப்பிட்டுக்கிறேனே?"

"வராந்தா சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு. சாப்பாடு கொண்டுவரக் கூடாது."

"அதுவும் ரூலா?"

"அது சுகாதார இலாகா ரூல்."

அந்த நேரம் பார்த்து டோரீன் அம்மாள் சாப்பிட்டு முடித்துப் பல் குத்திக்கொண்டே வெளியே வந்தாள். சர்ச்சில் பாட்டுக் கோஷ்டியை நடத்துகிறவள். ஹோலிஸ் அவளை ஓரமாக அழைத்து ரிவால்வரைக் காட்டினார்.

"உன் வண்டியில கொஞ்சம் வச்சுக்கயேன் டோரீன்."

"என் வண்டியிலயா? அதுல ஏற்கெனவே மூணு கிடக்குப்பா. நாளைக்கு உன்னோடது எது என்னோடதுன்னு எவன் பிரிக்கிறது?" என்றவள், கண்ணைச் சுருக்கினாள். "ஆமா, எதுக்குக் கழட்டறே? பாஸ்டன்காரங்க சொன்னாங்களா?"

"சேச்சே! சும்மா, இடுப்பு வலி."

டோரீன் காதில் விழுந்தால் விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். ஹோலிஸ் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பி வைத்தார்.

வாசலுக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் பூந்தொட்டிகள் இருந்தன. நிறையச் சாமந்தி. ஹோலிஸ் முன்னும் பின்னும் பார்த்தார். ரிவால்வரிலிருந்து தோட்டாக்களை உதிர்த்துச் சட்டைப் பையில் போட்டார். விவரமான மனுஷர், அதில் குறை சொல்ல முடியாது. துப்பாக்கியை உறையோடு கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, இடது பக்கத் தொட்டியில் ஒரு செடியைப் பிடுங்கி, குழி பறித்துப் புதைத்து, செடியைத் திரும்ப நட்டு, மண்ணைத் தட்டிவிட்டார். மனசு லேசானது.

இடுப்பும் லேசானது. அது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கனத்துக்கும் உறைக்கும் அளவெடுத்துப் போட்ட பெல்ட். இப்போது மூன்றடி நடந்ததும் பேன்ட் இறங்க ஆரம்பித்தது. இன்னொரு துளை போடவும் வழியில்லை, கத்தியும் வண்டியில் இருந்தது. இடது கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், யெசேனியா காட்டிய மேஜையில் உட்கார்ந்தார்.

டார்லாவும் எலியட்டும் வந்தார்கள். ரொம்ப நேரம் கழித்துத்தான் சம்பந்திகள் வந்தார்கள். பிலிப் வெதர்பியும் கான்ஸ்டன்ஸ் அம்மாளும்.

வெதர்பியைப் பார்த்ததும் ஹோலிஸுக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் லத்தீன் சொல்லிக்கொடுக்கிற மனிதர், தலையில் ஊருக்கே நிழல் தரக்கூடிய தொப்பியும் காலில் புத்தம்புது பூட்ஸுமாக, முள்ளில் நடக்கிறவர் மாதிரி நடந்து வந்தார். நம்மைக் கிண்டல் பண்ணத்தான் இந்தக் கௌபாய் வேஷம் என்று ஹோலிஸ் முடிவு கட்டினார். மனசு வலித்தது. ஆனாலும் மகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டினார்.

கை குலுக்கினால் இருவர் கையிலும் மண். தன் கையிலிருந்த மண்தான் அவர் கையிலும் அப்பிவிட்டது என்று ஹோலிஸ் கூசிப்போனார்.

"மன்னிக்கணும். தோட்ட வேலை."

"எனக்கும் தோட்டம் பிடிக்கும்" என்றார் வெதர்பி, என்னவோபோல.

டார்லா மேஜைக்கடியில் அப்பாவின் காலை மிதித்தாள். "அப்பா, அத்தை நிக்கிறாங்க பாரு. எழுந்திரு!"

"முடியாதும்மா."

"ஏன்?"

"முட்டி."

கான்ஸ்டன்ஸ் அம்மாள் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உதடு கொஞ்சம் இறுகியது. ஹோலிஸ் அதைக் கவனித்தார், டார்லாவும் கவனித்தாள்.

வெதர்பி இருப்பதிலேயே பெரிய ஸ்டீக்கைச் சொன்னார், அதுவும் ரத்தம் கசியக் கசிய. வந்ததும் அதைத் தொடத் தைரியமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எலியட் வாயைத் திறந்து, "அப்பா, நீங்க மாட்டுக்கறியே..." என்று ஆரம்பித்ததும், "சாப்பிடு" என்று அதட்டினார்.

சூழ்நிலையைச் சுமுகமாக்கலாம் என்று ஹோலிஸ் ரொட்டிக் கூடையை எடுத்து அம்மாளிடம் நீட்டக் குனிந்தார். சட்டைப் பையும் கூடவே குனிந்தது. தோட்டாக்கள் பொலபொலவென்று வெண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்தன.

ஒரு தோட்டா உருண்டு போய் கான்ஸ்டன்ஸ் அம்மாளின் தட்டில் நின்றது. அவள் அதை இரண்டு விரலால் எடுத்தாள்.

"இது என்னங்க?"

"மாத்திரை. பிரஷருக்கு."

"இவ்வளவு பெரிசாவா?"

"டெக்சஸ்ல எல்லாமே பெரிசுதாங்க."

டார்லா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். ஹோலிஸுக்குக் கண் முன்னால் சர்ச் தெரிந்தது, அண்ணன் தெரிந்தான், புதுக் கோட்டு போட்டுக்கொண்டு இளித்தான். இதற்கு மேல் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நினைத்தார்.

கதவு திறந்தது. ஷெரீஃப் ஆபீஸ் போலீஸ்காரன் டுவெய்ன் வந்தான். ஹோலிஸோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன், மெதுவாகப் பேச அன்றைக்கும் கற்கவில்லை, இன்றைக்கும் கற்கவில்லை. ஒரு கையில் மண்ணும் சாமந்தியுமாக ஒரு மூட்டை.

"டேய் ஹோலிஸ்! இது உன்னோடதுதானே? பிடியில உன் பேரு கொத்தியிருக்கு!"

கரண்டிச் சத்தம் அத்தனையும் நின்றது. ஹோலிஸ் தன்னை மறந்து எழுந்தார். பேன்ட் எழவில்லை. இரண்டு கையாலும் எட்டிப் பிடித்து முழங்காலோடு நிறுத்தினார். பூப்போட்ட உள்டிராயரை அந்தப் பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

"அப்பா!" என்றாள் டார்லா. அழுகிற குரல்.

ஹோலிஸ் பேன்டைப் பிடித்தபடியே சம்பந்திகள் பக்கம் திரும்பினார். "ஆமாங்க, என்னோடதுதான். பழக்க தோஷத்துல மாட்டிட்டு வந்துட்டேன். உங்களுக்குப் பிடிக்காதுன்னு தொட்டியில புதைச்சேன். தப்பெல்லாம் என்னோடது. இதுக்காகப் பொண்ணை வேணாம்னு சொல்லிடாதீங்க. அவ தங்கம்."

வெதர்பியின் முகம் வெளுத்திருந்தது.

"அட, நீ புலம்பறதை அப்புறம் வச்சுக்கடா" என்றான் டுவெய்ன். "எதிர்த்தாப்ல இருக்கிற மருந்துக் கடைக்காரர் போன் பண்ணினார், இங்க கிழவனுங்க ஒருத்தன் மாத்தி ஒருத்தன் வந்து பூந்தொட்டியைத் தோண்டறாங்கன்னு. உன்னோடது இடது தொட்டி. வலது தொட்டியில இது இருந்துச்சு. இது யாரோடது?"

மூட்டையிலிருந்து இன்னொரு துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினான். வெள்ளி நிறம். பிடியில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது. டுவெய்ன் விசையை அமுக்கினான். அதன் மூக்கிலிருந்து தண்ணீர் பீச்சி ஹோலிஸின் சட்டையை நனைத்தது.

வெதர்பி மெல்ல, நகக்கண்ணில் மண்ணோடு, கையைத் தூக்கினார்.

கான்ஸ்டன்ஸ் அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் அப்பவே முட்டிக்கிட்டேன் பிலிப்! இடுப்புல ஒண்ணு தொங்கலைன்னா இந்த ஊர்க்காரங்க சம்பந்தம் பண்ணிக்க மாட்டாங்கன்னு பெட்ரோல் பங்க்காரன் ஒருத்தன் சொன்னா, அதை நம்பறதா?"