லெகிஷோனின் சிறுத்தை

"இன்னிக்கும் சிறுத்தை கிடைக்கலேன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேண்டாம்" என்று முதலாளி கரியுகி காலையிலேயே சொல்லிவிட்டார். சிறுத்தை என்னவோ அவர் வீட்டுச் சமையலறையில் இருப்பது போல.

லெகிஷோன் மாரா சரணாலயத்தில் ஜீப் ஓட்டுகிறவன். பின்சீட்டில் ஹாலந்திலிருந்து வந்த யோஹன்னா அம்மாள். அவளுக்குச் சிங்கம் அலுத்துவிட்டது, யானையைக் கண்டால் கொட்டாவி வந்தது. நாளைக்கு விமானம்.

அவன் வயர்லெஸ்ஸில் மற்ற ஓட்டுநர்களைக் கேட்டான்.

"யாராவது புள்ளிக்காரனைப் பாத்தீங்களாப்பா?"

"போன வாரம் சிங்கக்குட்டிங்களை எங்ககிட்ட மறைச்சே இல்ல? இப்ப நீயே தேடிக்க" என்றது ஒரு குரல். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆத்திரத்தில் தடத்தை விட்டு ஆற்றோரம் இறங்கினான். கறுப்புச் சேற்றில் சக்கரம் புதைந்தது. சிரித்தவர்களே வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். அவர்கள் வண்டியிலிருந்த வெள்ளைக்காரர்கள், வேறு மிருகம் கிடைக்காததால், லெகிஷோனைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"அதோ மேடம், கிளையில வால் தொங்குது" என்றான், வெட்கத்தை விட்டு.

யோஹன்னா தொலைநோக்கியை இறக்கினாள். "அது கொடி. உங்க முதலாளிகிட்ட சொல்லத்தான் போறேன்."

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் ஒருவன் சம்பளத்தில்தான் அண்ணன் குடும்பமும் சாப்பிடுகிறது. வேறு வழியில்லாமல் அந்த அண்ணனுக்கே போன் போட்டான். சரணாலய எல்லையில் ஆடு மேய்க்கிற தாஜேயுவுக்குத் தெரியாத மிருகம் கிடையாது.

"அண்ணே, சிறுத்தை ஏதாச்சும் கண்ணுல பட்டுச்சா?"

"நம்ம பட்டிக்குப் பின்னாடி முள்மரத்தடியில படுத்திருக்கு."

"நான் வர்றதுக்குள்ள ஓடிடுமேண்ணே."

"ஓடாதுடா. பதறாம வா."

இருந்தது. காலை நீட்டிக்கொண்டு, ராஜா மாதிரி. பயந்து ஓடிவிடக் கூடாதென்று வண்டியைத் தள்ளியே நிறுத்தினான். யோஹன்னா கண் கலங்கப் படமாக எடுத்துத் தள்ளினாள். "எவ்வளவு நிம்மதியா தூங்குது பாரு" என்றவள், தானே கரியுகியைக் கூப்பிட்டு அவனைப் புகழ்ந்தாள்.

"உன்னை மாதிரி ஆளு உண்டாடா" என்றார் கரியுகி.

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மனுஷனுக்கு அது முடியவில்லை. காலையில் சிரித்தவர்களுக்கெல்லாம் வயர்லெஸ்ஸில் சொன்னான்.

"புள்ளிக்காரன் எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் தூங்குறான். பாக்கணும்னா மரியாதையா கேட்டுட்டு வாங்க."

கொஞ்ச நேரத்தில் சரணாலயத்து வண்டிகளெல்லாம் பட்டியைச் சுற்றி நின்றன. வனக்காவலர் வண்டியும் வந்து நின்றது. லெகிஷோன் கல்யாண மாப்பிள்ளையைப் போலக் கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணி சிமலோய் பால் குடுவையோடு வெளியே வந்தாள். கூட்டத்தைக் கண்டு அவளுக்கு ஒரே பூரிப்பு.

"இத்தனை பேரு பாக்க வருவாங்கன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி? விஷம் வச்ச ஆட்டை வீட்டுக்கு முன்னாலயே போட்டிருப்போமே."