முனியப்பனுக்கு எந்த விஸ்கி?

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. முனியப்பனுக்கு ஒரு விஸ்கி பாட்டில் வாங்கணும்.

கேக்கறதுக்குச் சின்ன வேலைதான். வாங்கு, படையல்ல வை, கும்பிடு, வூட்டுக்கு வா. ஆனா என் கைக்கு வந்த எந்த வேலை சின்ன வேலையா முடிஞ்சிருக்கு?

படிப்புலயும் வேலையிலயும் பங்கு கேட்டு ஜனங்க ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டு உக்காந்திருந்த வருஷம் அது. எங்க ஊரு கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். கள்ளக்குறிச்சி பஸ்ஸும் இல்ல, சின்னசேலம் பஸ்ஸும் இல்ல. என் தம்பி ஏழுமலை, பத்தாவது பாஸான பையன், சேலத்துல ஒரு வேலைக்கு நேர்ல வரச் சொல்லி லெட்டர் வந்திருக்குன்னு சின்னசேலத்துல ரயில் ஏறக் கெளம்பினான். மறுநாள் காலையில மறியல் ஆரம்பிச்சுது. மூணு நாளா ஆளக் காணோம்.

"போலீஸ் வேன்ல ஏத்திக்கினு போய்ட்டாங்களாம்"னார் ஒருத்தர்.

"இல்ல, தப்பிச்சுக் கல்வராயன் மலை மேல ஏறிட்டானாம்"னார் இன்னொருத்தர்.

"ஜெயில்ல போட்டாலும் வேளைக்குச் சோறு போடுவாங்கம்மா"ன்னு ஆறுதல் சொன்னவரும் உண்டு.

எனக்குச் சாதாரணமாவே கவல ஜாஸ்தி. மாடு ஒரு வேளை தண்ணி கம்மியா குடிச்சா அன்னைக்கு நான் சாப்பிட மாட்டேன். கூடப் பொறந்தவனக் காணோம்னா கேக்கணுமா? அழுதுகினே கோவிந்தன் பூசாரிகிட்ட ஓடினேன்.

அவர் கண்ண மூடி, உடம்ப ஒரு உலுக்கு உலுக்கி, முனியப்பன் சொன்னதா சொன்னார்: "வெள்ளிக்கெழம பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஒரு முழு பாட்டில் விஸ்கி வை. உன் தம்பிய நான் கொண்டாந்து வுடறேன்."

"சாமி எப்பவும் சாராயம்தான கேக்கும்?"

பூசாரி ஒத்தக் கண்ணத் தொறந்தார். "சாராயக் கடைய மூடிட்டாங்கல்ல? அதுலேர்ந்து சாமி வாய்க்கு ஒண்ணும் சரியில்ல. போன மாசம் ஒருத்தன் பிராந்தின்னு டீத்தண்ணிய வெச்சிட்டான். அவன் எரும கயித்த அறுத்துக்கினு போனது இன்னும் திரும்பல. நல்லதா பாத்து வாங்கு."

இதச் சொல்லாம இருந்திருக்கலாம். நான் பாட்டுக்கு எதையோ வாங்கி வெச்சிருப்பேன். இப்போ எரும ஞாபகமாவே இருந்தது.

வெள்ளிக்கெழம மத்தியானம் மஞ்சப்பைய எடுத்துக்கினு கெளம்பினேன். எங்க வூட்டுக்காரருக்கு வயித்துல புண்ணு. "அந்தக் கடை வாசல்ல கால் வெக்க மாட்டேன்"னு சொல்லிட்டார். சரின்னு என் ஓர்ப்படி அஞ்சலையக் கூட்டிக்கினேன். என் கொழுந்தன் பொண்டாட்டி. பயம்னா இன்னான்னு தெரியாதவ.

பஸ் ஓடாததால பஸ் நிறுத்தத்துல கூட்டம் ஜாஸ்தி! போறதுக்கு எடமில்லாத அத்தன ஆம்பளைங்களும் அங்கதான் நின்னுகினு இருந்தாங்க. அதுக்கு எதிர்லதான் கடை. மறியல்னு முன்கதவ சாத்தியிருந்தாங்க. பின்கதவுக்கு மறியல் இல்ல.

கடைக்காரர் என்னப் பாத்து, "இன்னா தங்கச்சி, வழி தவறி வந்துட்டியா?"ன்னார்.

"முனியப்பனுக்கு அண்ணே. நல்ல விஸ்கியா ஒண்ணு."

"லாரி வரல. மூணு தினுசுதான் இருக்குது."

மூணையும் எடுத்து வெச்சார். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் அஞ்சாங்கிளாஸோட நின்னவ. அஞ்சலை அந்தப் பக்கமே போகாதவ. அதனால படத்த வெச்சுப் புரிஞ்சிக்கினோம். ஒண்ணுல குதிர. ஒண்ணுல கிரீடம், அதுக்குத் தங்கக் கலர்ல தனியா ஒரு பெட்டி. மூணாவதுல கரடி. கரடிய தலகீழா ஒட்டியிருந்தாங்க.

வெலை கேட்டேன். நான் கோழி வளக்கறவ, எனக்குக் கணக்கெல்லாம் கோழியிலதான். குதிர, ஒரு முட்டக்கோழி. கிரீடம், ரெண்டு சேவல். கரடி, அரைக் கோழிகூட இல்ல.

"இதுல எது அண்ணே நல்லது?"

"எல்லாமே நல்லதுதான்."

"டீத்தண்ணி இல்லியே?"

"இன்னா தங்கச்சி இப்பிடிக் கேட்டுட்ட! என் புள்ளைங்க மேல சத்தியம்."

அவருக்குப் புள்ளையே கெடையாதுன்னு அஞ்சலை காதுல சொன்னா.

இப்போ என் சிக்கலக் கேளுங்க. படையல் சோத்துக்கே உப்புப் பாக்கக் கூடாது. பாத்தா எச்சில். பாட்டிலத் தொறந்து ருசி பாத்தா அதுவும் எச்சில். தொறக்காம வெச்சு உள்ள டீத்தண்ணியா இருந்தா, எரும போன வழியில என் தம்பியும் போவான். வூட்டுக்காரரக் குடிச்சுப் பாக்கச் சொல்லலாம்னா வயித்துப் புண்ணு. பஸ் நிறுத்தத்துல நிக்கற எவனையாவது கேக்கலாம்னா பாட்டில் திரும்பி வராது. பூசாரிகிட்டக் குடுத்தா பாட்டிலோட சேந்து பூசாரியும் திரும்பி வர மாட்டார்.

அஞ்சலைதான் வழி சொன்னா. "அக்கா, மூணுலயும் ஒவ்வொரு குவாட்டர் வாங்கு. நாம பாப்போம். எது நல்லாருக்குதோ அதுல முழு பாட்டில், சீல் ஒடைக்காம, சாமிக்கு."

எவ்வளோ அறிவு பாருங்க! அவ சொன்னப்போ அப்பிடித்தான் தோணுச்சு.

கிரீடத்துக்குக் குவாட்டருக்கே பெட்டி உண்டாம். மூணையும் பையில போட்டு மேல முருங்கக்கீரைய வெச்சு மாட்டுக்கொட்டாய்க்குக் கொண்டு வந்தோம். ரெண்டு டம்ளர், ஒரு சொம்புத் தண்ணி, எலுமிச்ச ஊறுகாய்.

மொதல்ல குதிர. மூக்குகிட்ட கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில ஊசி போடறதுக்கு முன்னாடி கையில தடவுவாங்களே, அந்த வாசன. நாக்குல வெச்சதும் சுருக்குன்னுது. அப்புறம் ஒண்ணும் இல்ல. ஊசி குத்திட்டு மருந்து உள்ள போகாத மாதிரி.

"இதுக்கா ஒரு முட்டக்கோழி?"ன்னேன்.

"கோழி பொழச்சிப் போகட்டும்"னா அஞ்சலை.

ரெண்டாவது கிரீடம். பெட்டியத் தொறக்கவே அஞ்சு நிமிஷம். அவ்வளோ அழகு. உள்ள இருந்ததுதான் சரியில்ல. வெல்லப்பாகு அடி புடிச்ச சட்டியில தண்ணி ஊத்தி அலசுன ருசி. அதுவும் ரெண்டாவது அலசு. ரெண்டு சேவல்ல ஒண்ணர சேவல் பெட்டிக்குத்தான் போயிருக்கணும்.

மூணாவது கரடி. மூடியத் தொறந்ததுமே அஞ்சலை நிமிந்து உக்காந்தா. "அக்கா, இந்த வாசன எனக்குத் தெரியும்!"

எனக்கும் தெரிஞ்சுது. கரும்பாலையிலேர்ந்து கழிவுப்பாகு வண்டி போனதுக்கப்புறம் ரோட்டுல ஒரு வாசன நிக்குமே, அதேதான். மொத வாய் தொண்டையக் கிழிச்சுது. ரெண்டாவது வாய் கிழிச்சத தச்சுது. வயித்துல எறங்கறப்போ, நம்மூரு கரும்புதான் வேஷம் போட்டுக்கினு வந்திருக்குதுன்னு ஒரு சொந்தம் தெரிஞ்சுது.

"கரடிதான்"னா அஞ்சலை.

அத்தோட வுட்டிருக்கலாம். என் சுபாவம் வுடல.

"அஞ்சலை, ஊறுகாய் தொட்டுக்கினோமே, அதனால ருசி மாறியிருக்குமோ?"

ஊறுகாய் இல்லாம மறுபடி மூணையும் பாத்தோம். கரடி.

"வரிசையா பாத்ததால, கடைசியா வந்தது நல்லா தோணியிருக்குமோ?"

கரடியில ஆரம்பிச்சுக் குதிர வரைக்கும் திருப்பிப் பாத்தோம். அப்பவும் கரடி.

"தண்ணி ஊத்திப் பாக்கலியே?"

அதையும் பாத்தோம். அப்போ அஞ்சலை பசுமாட்டுகிட்டப் போய், "அத்த, நீங்க எப்போ வந்தீங்க?"ன்னு கேட்டா. எங்க மாமியார் போய் ஆறு வருஷம் ஆச்சு. அப்புறம் வைக்கப்போர்ல சாஞ்சவதான், எழுந்திருக்கல.

நான் தெளிவா இருந்தேன். எனக்கு அப்பிடித்தான் தோணுச்சு. கடைக்குப் போய் கரடியில முழு பாட்டில் வாங்கினேன். கடைக்காரர் எதுக்குச் சிரிச்சார்னு அப்போ புரியல. பொழுது சாயறதுக்குள்ள போகணுமேன்னு ஏரிக்கரை மேல வேகமா நடந்தேன். ஏரிக்கரைதான் நேரா இல்ல.

பாதி வழியில ஒரு கவல. குவாட்டர் நல்லா இருந்துச்சு, சரி. முழு பாட்டிலும் அதே சரக்குதானா? இதுல டீத்தண்ணி இருந்தா?

சீல ஒடச்சேன். ஒரு வாய்தான்.

இல்ல, பொய் சொல்லக் கூடாது. நாலு வாய்.

முனியப்பன் கோயில்ல ஊரே கூடியிருந்துச்சு. பஸ் இல்லாத ஊருக்கு வேற பொழப்பு ஏது? நான் பாட்டிலோட அவர் முன்னாடி நின்னேன். அவருக்கு எப்பவும் ஒரு மீசதான். அன்னைக்கு ரெண்டு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் தம்பி ஞாபகம் வந்துச்சு. கோவம் வந்துச்சு.

"டேய்! எங்கடா என் தம்பி?"ன்னேன் சாமியப் பாத்து.

சாமிய 'டேய்'னு கேக்க மனுஷிக்கு வாய் வருமா? ஒரு பொம்பள கத்தினா: "அருள் வந்துடுச்சு!"

அவ்வளோதான்! உடுக்க அடிச்சாங்க. தலையில ரெண்டு கொடம் மஞ்சத்தண்ணி ஊத்தினாங்க. கையில வேப்பெல. என் வூட்டுக்காரர் கால்ல விழுந்துட்டார். கல்யாணமாகி ஏழு வருஷத்துல மொத தடவ.

கோவிந்தன் பூசாரிக்குத்தான் முகம் சரியில்ல. இருவது வருஷமா முனியப்பன் அவர் மேல மட்டும்தான் வருவார். "வந்திருக்கிறது யாரு?"ன்னு அதட்டினார்.

"நான்தான்"னேன்.

"நான்தான்னா?"

"இன்னா பூசாரி, என்னத் தெரியல?"

கூட்டம் கன்னத்துல போட்டுக்கிச்சு. பூசாரி ஒரு படி எறங்கினார். "சாமிக்கு இன்னா வேணும்?"

அது எனக்கு நல்லா தெரிஞ்ச விஷயமாச்சே! "குதிர வேணாம். வெறும் ஊசி. கிரீடம் வேணவே வேணாம். காசு பெட்டிக்குத்தான், உள்ள இருக்கறது அலசுன தண்ணி. கரடி போதும். கரடி தலகீழா நின்னாலும் காசுக்குத் துரோகம் பண்ணாது."

கூட்டத்துக்குப் பின்னாடி தொப்புன்னு ஒரு சத்தம். கடைக்காரர்! நெடுஞ்சாண்கிடையா கெடந்தார்.

"சாமி! என் கடை சரக்கெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்குதே! லாரி வரலன்னு கிரீடத்துல மட்டும் தண்ணி கலந்துட்டேன் சாமி! குதிரையில கொஞ்சம்தான் சாமி! கரடியில ஒண்ணும் பண்ணல, அதுக்கு மேல அதுல பண்றதுக்கு ஒண்ணும் இல்ல சாமி!"

கூட்டம் அவரப் பாத்த பார்வ இருக்கே! ரோடு மறியல்ல இருந்த ஆம்பளைங்களுக்கு மூணு நாள்ல அப்போதான் நெஜமான கோவம் வந்துச்சு.

அதுக்கு நடுவுல பூசாரி கேட்டார்: "சரி சாமி. இந்தப் புள்ளையோட தம்பி எங்க இருக்கான்? அதச் சொல்லு."

அதக் கேக்கத்தான நானே வந்தேன்! வேப்பெலய கீழ போட்டு உக்காந்து அழ ஆரம்பிச்சேன். "தெரியலியே, எனக்குத் தெரியலியே"ன்னு.

உடுக்க நின்னு போச்சு. சாமியே அழுதா இன்னா அர்த்தம்? மூலையில ஒரு பொம்பள ஏழுமலை பேரச் சொல்லி ஒப்பாரிக்கு மெதுவா தொண்டையச் சரி பண்ணிக்கினா.

அப்போ கரும்புக்கொல்லை பக்கத்துலேர்ந்து ஒரு குரல்: "இன்னா, இங்க கூட்டம்?"

ஏழுமலை. கால் முழுக்கச் சேறு. கையில அதே பை. முகம் கொஞ்சம் உப்பியிருந்துச்சு.

காலை ரயிலுக்குச் சின்னசேலத்துலயே படுத்துக்கினானாம். விடிஞ்சு பாத்தா ரயிலும் ஓடலியாம். அப்பிடியே நைனார்பாளையத்துக்கு நடந்து சிநேகிதன் வூட்டுக்குப் போய்ட்டானாம். மூணு நாளும் கோழிக்கொழம்பாம். காலையில கெளம்பிக் கொல்ல மேலயே நடந்து வந்தானாம்.

நான் ஓடிப் போய் அவனக் கட்டிக்கினேன். அவன் மூக்கச் சுளிச்சான்.

"அக்கா, குடிச்சிருக்கியா?"

என் வூட்டுக்காரர் அவன் முதுகுல ஒண்ணு வெச்சார். "சாமிகிட்ட கேக்கற கேள்வியாடா இது!"

ஏழுமலை பூசாரியப் பாத்தான். ஊர்லயே அந்த வாசன நல்லா தெரிஞ்ச மூக்கு அவருது. என்னப் பாத்தார். என் கையில இருந்த பாட்டிலப் பாத்தார். அதுல முக்கால்தான் இருந்துச்சு.

"முனியப்பன் குடிக்காம பின்ன மோரா குடிக்கும்?"னு சொல்லிட்டு, மிச்ச பாட்டில எடுத்து இடுப்புல சொருகிக்கினார்.

மறுநாள் என் தலையில உடுக்க நிக்கவே இல்ல. ஏழுமலை மோர் கொண்டாந்து குடுத்துப் பக்கத்துல உக்காந்தான். சுத்தியும் பாத்துட்டு, "அக்கா, நெஜமா எது நல்லாருந்துச்சு?"ன்னான்.

"கரடி"ன்னேன்.

இத்தன வருஷம் ஆச்சு. நான் நேந்துக்கினதால தம்பி வந்தானா, நைனார்பாளையத்துல கோழி தீந்து போனதால வந்தானான்னு இன்னும் எனக்குத் தெளிவில்ல. நேந்துக்கினது முழு பாட்டில், வெச்சது முக்கால்னு வேற ஒரு கவல. ஊர்லயோ இன்னிக்கும் முனியப்பனுக்குக் கரடி மட்டும்தான்.

அஞ்சலை அந்தத் தங்கக் கலர் பெட்டியிலதான் ரேஷன் கார்டு வெச்சிருக்கா. கிரீடத்துல காசுக்கு ஏத்தது அது ஒண்ணுதான்.