முட்டிச்சாமி மலை இறங்கிய விதம்

வெள்ளைக்காரன் காலத்தில் மலைகளுக்குத் தபால் சுமந்த ரன்னர்கள் எத்தனையோ பேர். ஆனால் ஏறும்போதும் உச்சியைப் பார்த்துக்கொண்டு, இறங்கும்போதும் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தவர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் முட்டிச்சாமி ஒருவர்தான்.

புரியும்படி சொல்கிறேன். அவர் கொல்லிமலையைப் பின்பக்கமாக இறங்குவார். "முன்னால பாத்து எறங்கினா மொத்த ஒடம்பும் முட்டி மேல உளுகுதுங்க. பின்னால எறங்கினா முட்டிக்குத் தெரியவே தெரியாதுங்க" என்பார், முட்டியை ஏமாற்றிவிட்ட பெருமையோடு.

நான் அப்போது சேந்தமங்கலத்தில் தங்கி, அடிவாரத்துத் தபாலாபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். காலையில் முட்டிச்சாமி வந்ததும் தபால் பையையோ சலங்கை கட்டிய ஈட்டியையோ தொடமாட்டார். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, கெண்டைக்கால் இளகும் வரை தள்ளுவார். பிறகு மற்ற கால். போஸ்ட்மாஸ்டர் பதறி ஓடிவருவார்.

"யோவ், சர்க்கார் செவுருய்யா! சாஞ்சா யாரு பதில் சொல்றது?"

"செவுரு நிக்குமுங்க எசமான். என்ற காலு நிக்கோணுமே!"

பின்பக்க இறக்கத்தால் வந்த குழப்பங்களுக்குக் கணக்கே இல்லை. மலைமேல் உள்ள தேவனூர் நாட்டிலிருந்து மிளகு விவசாயி ஒருவர் நேராக ஆபீசுக்கே வந்து சண்டை பிடித்தார். "காயிதம் குடுக்கலாம்னு மேல் வளைவுல நின்னேனுங்க. ரன்னரு மூஞ்சி தெரிஞ்சுது. சரி, வாராருன்னு பாறையில உக்காந்தேன். பாக்கப் பாக்க ஆளு சின்னதாயிக்கிட்டே போறாருங்க!"

வழியில் ஊராருக்கு அவர் கைவைத்தியமும் உண்டு. சுளுக்கானாலும் குதிகால் வலியானாலும் உருவிவிட மட்டும் விடமாட்டார். ஓடைத் தண்ணீரில் நனைத்த துணி, காலைத் தலைக்கு மேலே தூக்கி வைத்த படுக்கை, வீக்கம் வடிந்த பின் புளிப்பத்து. திண்ணனூர் நாட்டில் பல்வலி என்று வந்தவரையும் காலைத் தூக்கிப் படுக்கவைத்தார். பல்வலி போயிற்றா என்று கேட்டேன். "அது தெரியலீங்க. கால்வலி இல்லைன்னாருங்க" என்றார்.

இதெல்லாம் மேலிடத்துக்கு எட்டாமல் இருக்குமா? ஒருநாள் தபால் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார்.

"நாளைக்கு நேரா இறங்கு. இல்லேன்னா ஈட்டியையும் பையையும் வெச்சுட்டு ஊட்டுக்குப் போ."

முட்டிச்சாமியின் முகம் செத்துவிட்டது. "எங்கப்பனும் இதே தடத்துல ஓடினவருதானுங்க சாமி. நேராத்தான் ஓடினாரு. கடைசி காலத்துல ஊட்டுக்குள்ளயே தவழ்ந்துதான் போனாரு. நாந்தான் தூக்கித் தூக்கி உக்கார வெச்சேன். இந்த வேலய உட்டா எனக்கும் கஞ்சிக்கு வழியில்லீங்க. ஆனா அந்த மாதிரி மட்டும் ஆகமாட்டேனுங்க."

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. என் பக்கம் திரும்பினார். "குமாஸ்தா, நீ கூடப் போ. அவன் எப்படி இறங்கினான்னு வந்து சொல்லு."

மறுநாள் அவரோடு ஏறினேன். மேலே பையை மாற்றிக்கொண்டு இறக்கத்தின் தலைக்கு வந்ததும் முட்டிச்சாமி வழக்கம்போல் முதுகைத் திருப்பினார்.

"நீங்க பாத்ததச் சொல்லிப்போடுங்க சாமி. எனக்காகப் பொய் சொல்ல வேண்டாமுங்க."

அவர் வேலை என் நாக்கு நுனியில் தொங்கியது. பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. உண்மையைச் சொல்ல மனசும் வரவில்லை. அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. அவரை முந்திக்கொண்டு ஓடிவிட்டால் அவர் எப்படி இறங்கினார் என்று நான் பார்க்கவே முடியாதல்லவா? பார்க்காததை யார் சொல்ல முடியும்?

ஓடினேன். "மெதுவாங்க சாமி! கால அகட்டி வெக்காதீங்க!" என்று மேலிருந்து அவர் கத்திக்கொண்டே இருந்தார். மூன்றாவது வளைவில் சரளைக்கல் உருண்டது. கணுக்காலுக்குள் மளுக்கென்று ஒரு சத்தம். பள்ளத்தில் போய் விழுந்தபோது கால் ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் பார்த்தன. ஆடுசதை கிழிந்து ரத்தம் கொட்டியது.

அவர் எப்படி வந்து சேர்ந்தாரோ தெரியாது. தலைப்பாகையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். தபால் பையை வைத்து அதன்மேல் என் காலைத் தூக்கி வைத்தார். "தபாலுக்கு நீங்க காவல், உங்களுக்குத் தபால் காவல்! கண்ண மூடீராதீங்க சாமி, ஆளக் கூட்டிக்கிட்டு வாரேன்!"

பிறகு திரும்பினார். முகத்தை அடிவாரத்துக்குக் கொடுத்து, ஈட்டியைத் தோளில் சாய்த்து, ஓடினார். அப்படி ஓர் ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வளைவில் ஆள் மறைந்த பிறகும் ஈட்டியில் கட்டிய சலங்கை மட்டும் கீழே, இன்னும் கீழே என்று கேட்டது. மயக்கம் வரும்போதெல்லாம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஆட்கள் கயிற்றுக் கட்டிலோடு வந்து என்னைச் சுமந்து இறக்கினார்கள். ஆபீஸ் வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். என் காலைப் பார்த்து முகம் சுளித்தாலும் கேள்வியை மறக்கவில்லை.

"நேரா இறங்கினானா?"

"நேராத்தான் இறங்கினாருங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அதோடு அந்த விசாரணை முடிந்தது. மனுஷன் திருப்தியாக ஊர் போய்ச் சேர்ந்தார். முட்டிச்சாமியும் நடக்க முடிந்த அன்றைக்கே பழையபடி மலைக்கு முகத்தைக் காட்டி இறங்க ஆரம்பித்தார்.

அதுவரை எங்கள் இருவருக்கும் ஆபீஸ் பின்கட்டில்தான் வாசம். நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய என் கால் ஒரு பெஞ்சின் மேல். பனங்காய் போல வீங்கிய அவர் வலது முட்டி இன்னொரு பெஞ்சின் மேல். "இது தபாலாபீஸா, தர்ம ஆஸ்பத்திரியா?" என்று தலையில் அடித்துக்கொண்டே போஸ்ட்மாஸ்டர் அவர் முட்டிக்குப் புளி கரைத்துக் காய்ச்சிக் கொண்டுவந்து வைப்பார்.

ஒரு மத்தியானம் மனசு தாங்காமல் கேட்டேன். "சர்க்கார் மிரட்டியும் நேரா இறங்கமாட்டேன்னீங்க. எனக்காக இந்த முட்டியை இப்படிப் பண்ணிக்கிட்டீங்களே?"

முட்டிச்சாமி என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"முட்டி ரெண்டு இருக்குதுங்க சாமி. நீங்க ஒருத்தருதானுங்களே."

நான் கை நீட்டிப் புளிக் கிண்ணத்தை எடுத்து, அந்த முட்டிக்குச் சூடு பார்த்து இன்னொரு பூச்சுப் பூசினேன்.