முகமூடியா, முசுமுசுக்கையா?

ஒரு காட்டில் எல்லா விலங்குகளுக்கும் கருத்து இருந்தது. செம்பி என்ற புள்ளிமானுக்கு மட்டும் கருத்து இல்லை, குட்டி இருந்தது.

குட்டியின் பெயர் பொட்டு. பிறந்து ஒரு மழையில்கூட நனையாத குட்டி. போன வருடத்துக் குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்தவள் செம்பி. அதனால் பொட்டுவைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு, ஒரு வாய் மேய்ந்தால் இரண்டு முறை காற்றை மோந்து பார்ப்பாள். மானுக்குக் கண்ணும் காதும் உறவு, மூக்குதான் உயிர்.

அந்தக் காட்டுக்கு ஒரு நோய் வந்தது. முதலில் மூக்கு அவிந்துபோகும். பூவும் சாணமும் ஒன்றாகிவிடும். பிறகு இருமல் வரும். அதன் பிறகு சிலர் எழுந்து நடமாடினார்கள், சிலர் எழுந்திருக்கவில்லை.

நோய் மெதுவாகத்தான் பரவியது. அதற்குள் இரண்டு கட்சிகள் காடெங்கும் பரவிவிட்டன.

முதல் கட்சிக்குத் தலைவர் விரிகொம்பன் என்ற ஆண்மான். மூக்கையும் வாயையும் தேக்கிலையால் மூடிக் கொடியால் கட்டிக்கொள்ள வேண்டும், ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரு கொம்பு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

"இலையைக் கட்டிக்கிட்டு எப்படிண்ணே மேயறது?" என்று ஓர் இளமான் கேட்டது.

"மேயும்போது கழற்றிக்கலாம்."

"அப்ப நோய் வராதா?"

விரிகொம்பன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். மேயும்போது நோய் வராது என்று ஏகமனதாக முடிவாயிற்று.

இரண்டாம் கட்சிக்குத் தலைவர் சேற்றப்பன் என்ற காட்டுப்பன்றி. நேற்றுவரை கிடைத்ததையெல்லாம், கிடைத்த இடத்திலேயே, கிடைத்த நிலையிலேயே விழுங்கியவர். இன்று எதை, எப்போது, எந்தத் திசை பார்த்துச் சாப்பிட வேண்டும் என்று உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

"பயம்தான்யா நோய். சாப்பாடுதான் மருந்து" என்பார். "காலையில வெறும் வயித்துல ஒரு பிடி முசுமுசுக்கைக் கீரை. எங்க பாட்டன் காலத்துல யாராவது இலையைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்களா?"

அவருடைய பாட்டன் முசுமுசுக்கை தின்று, பயமில்லாமல் போய் வேடனின் குழியில் விழுந்து இறந்தவர். ஆனால் இருமி இறக்கவில்லை. அது கட்சிக்குப் போதுமானதாக இருந்தது. காட்டிலிருந்த முசுமுசுக்கைக் கொடியெல்லாம் ஒரு வாரத்தில் மொட்டையாயிற்று. அதற்குப் பிறகு, தாம் புரளும் சேற்றின் ஓரத்தில் முளைப்பதுதான் அசல் என்று சேற்றப்பன் அறிவித்தார்.

இரண்டு கட்சிகளும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. அது மைமுகன் விஷயம்.

மைமுகன் ஒரு கருங்குரங்கு. மருத மரத்தின் உச்சிக் கிளையில் இருப்பான். மான்கள் கீழே மேயும். தூரத்தில் சிறுத்தை தெரிந்தால் மைமுகன் தொண்டையைச் செருமி "கக், கக், ககக்" என்று இருமுவான். மான்கள் ஓடிவிடும். தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஏற்பாடு அது.

நோய்க் காலத்தில் ஒருநாள் அவன் வழக்கம்போல இருமினான். மான்கள் வழக்கம்போல ஓடின. ஆனால் சிறுத்தையை விட்டு அல்ல, அவனை விட்டு. சிறுத்தை இருந்த பக்கமாகவே ஓடின. அன்று ஒரு மான் குறைந்தது. நோய் பரப்பியதற்காக மைமுகனை ஓடைக்கு அப்பால் தனிமரத்துக்கு அனுப்புவது என்று இரு கட்சிகளும் சேர்ந்து தீர்மானித்தன.

செம்பிக்கு எந்தக் கட்சியில் சேர்வது என்று தெரியவில்லை. நோயைக் கண்டு பயம்தான். தேக்கிலையைக் கட்டிக்கொண்டு புல்வெளிக்குப் போனாள். புல்லுக்குள் படுத்திருக்கும் குட்டிகளில் தன்னுடையது எது என்று மோந்து பார்த்தாள். தேக்கிலை வாசனைதான் வந்தது. பதறிப்போய் இலையை ஒரு பக்கமாக நகர்த்தினாள். வலது மூக்கு மூடியிருந்தது. இடது மூக்கு திறந்திருந்தது. பொட்டுவின் பால் வாசனை வந்தது. அன்று முதல் அப்படியே கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா செம்பி, மூடுறதுன்னா முழுசா மூடு. ஒத்தை மூக்கை மூடி யாரை ஏமாத்துற?" என்றார் விரிகொம்பன்.

"திறந்து வைக்கிறதுன்னா முழுசாத் திறந்து வையேன் புள்ள. பாதிப் பயம் முழு நோயாக்கும்" என்றார் சேற்றப்பன்.

"இல்லண்ணே... இல்ல மாமா..." என்று இருவருக்கும் பாதிப் பாதியாகப் பதில் சொல்லிவிட்டு செம்பி நகர்ந்துவிட்டாள். கருத்துள்ள இரண்டு கட்சிகளுக்கும் அவள் எதிரியானாள்.

சண்டை முற்றியது. முகமூடி மான்கள் புல்வெளியின் கிழக்குப் பாதியிலும் முசுமுசுக்கை மான்கள் மேற்குப் பாதியிலும் மேய்ந்தன. கூடப் பிறந்தவர்கள்கூட ஒரே ஓடையில் தண்ணீர் குடிக்கவில்லை. கடைசியில் ஒரு பட்டிமன்றம் வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தலைப்பு: 'உயிரைக் காப்பது முகமூடியா, முசுமுசுக்கையா?'

நடுவர் யார் என்பதுதான் சிக்கல். முகமூடி அணியாதவராகவும் இருக்க வேண்டும், முசுமுசுக்கை தின்னாதவராகவும் இருக்க வேண்டும். தேடித் தேடிப் பார்த்ததில் அந்தக் காட்டில் அப்படி ஒருவர்தான் இருந்தார். சிறுத்தையார்.

"அவர் சிறுத்தை ஆயிற்றே" என்று ஒரு கிழட்டு மான் நினைவூட்டியது.

"தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம்" என்று இரு கட்சிகளும் அதை உட்கார வைத்தன.

சிறுத்தையார் மருத மரத்தடியில் ஒரு பாறைமேல் அமர்ந்து சபையைத் தொடங்கினார். முதலில் கனிவோடு ஒரு கேள்வி கேட்டார். "இங்கே யாருக்காவது இருமல் உண்டா? மறைக்காமல் சொல்லுங்கள்." இருமல் இருந்த இருவரை வீட்டுக்கு அனுப்பினார். நம்மேல் எவ்வளவு அக்கறை என்று கூட்டம் நெகிழ்ந்தது.

பிறகு விரிகொம்பன் பேசினார். சேற்றப்பன் பேசினார். சிறுத்தையார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"முகமூடி அணியினர் அருமையாகப் பேசினார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: இலையை இன்னும் இறுக்கிக் கட்டுங்கள், காற்றே புகக்கூடாது. முசுமுசுக்கை அணியினரும் சளைத்தவர்கள் அல்லர். நன்றாகச் சாப்பிடுங்கள், இன்னும் கொஞ்சம் சதை போடுங்கள். முக்கியமாக, அச்சத்தை விடுங்கள். எதைக் கண்டும், யாரைக் கண்டும் அஞ்சாதீர்கள். தீர்ப்பை இன்னொரு நாள் சொல்கிறேன்."

இரு பக்கமும் குளம்பு தட்டியது.

கூட்டம் கலைந்து போகும் வழியில் இரண்டு மான்கள் காணாமல் போயின. ஒன்று முகமூடி மான். அதற்குச் சிறுத்தை வருவது மூக்கில் தெரியவில்லை. இன்னொன்று முசுமுசுக்கை மான். அதற்குத் தெரிந்தது, ஆனால் அது அஞ்சவில்லை. மறுநாள் எலும்புகள் கிடைத்தன. முதல் மான் முசுமுசுக்கை தின்னாததால் இறந்தது என்றார் சேற்றப்பன். இரண்டாவது மான் முகமூடி அணியாததால் இறந்தது என்றார் விரிகொம்பன். இரண்டின் கழுத்தெலும்பிலும் பல் இறங்கிய ஓட்டைகள் இருந்தன. அது இணைநோய் என்று முடிவாயிற்று.

செம்பி அந்த எலும்பை இடது மூக்கால் மோந்து பார்த்தாள். போன வருடம் தன் குட்டி கிடந்த இடத்தில் வந்த அதே நாற்றம்.

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, செத்துப்போனவங்க கழுத்துல பல் தடம் இருக்கு. அதுல உங்க..."

"அம்மா," என்று சிறுத்தையார் புன்னகைத்தார், "நீங்கள் எந்த அணி?"

"நான் அணி இல்லீங்க."

"தலைப்பு என்ன?"

"முகமூடியா, முசுமுசுக்கையா."

"பல் என்று தலைப்பில் இருக்கிறதா?"

"இல்லீங்க."

"தலைப்புக்குள் நின்று பேசுங்கள் அம்மா. நேரம் முடிந்துவிட்டது, அமருங்கள்."

கூட்டம் சிரித்தது. "ஒத்தை மூக்கு வந்துட்டா பேச" என்று கிழக்கிலிருந்து ஒரு குரல். "அவ புத்தியும் பாதிதான்" என்று மேற்கிலிருந்து ஒரு குரல். வெகு நாட்களுக்குப் பிறகு இரு பக்கமும் சேர்ந்து சிரித்ததில் விரிகொம்பனுக்கே கண் கலங்கிவிட்டது.

சிறுத்தையார் தொண்டையைக் கனைத்தார். "நாளை தீர்ப்பு நாள். வருங்காலத் தலைமுறை இதைக் கேட்க வேண்டும். குட்டிகள் எல்லோரையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். தாய்மார்கள் பின்னால், தள்ளித் தள்ளி."

செம்பி மறுநாள் விடிந்ததும் பொட்டுவைப் புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, ஓடையைத் தாண்டித் தனிமரத்துக்குப் போனாள்.

"கிட்ட வராதே, நான் நோயாளியாம்" என்றான் மைமுகன் மேலிருந்து.

"அண்ணே, நீங்க வந்து சிறுத்தையைப் பத்திச் சொல்லுங்களேன். உங்க கண்ணுக்குத் தெரியுமே."

"நான் வாயைத் திறந்தா இருமல்னு அடிப்பாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. தின்னு முடிச்சதும் அவன் இந்த ஓடைக்குத்தான் வர்றான். முன்னங்காலைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறான். வாயைக் கொப்பளிக்கிறான். அன்னைக்கு ஒரு கிழமான் இருமிக்கிட்டே தண்ணி குடிக்க வந்துது. தள்ளாத மான், தட்டினா விழுந்துடும். உன் நடுவர் என்ன பண்ணினான் தெரியுமா? அலறிக்கிட்டு அந்தக் கரைக்குத் தாவி, முள்ளுல விழுந்து, முள்ளைக்கூடப் பிடுங்காம ஓடினான்."

"பயமா?"

"இந்தக் காட்டுலயே நோய்க்கு அதிகமாப் பயந்தவன் அவன்தான். இருமுற மான் பக்கமே போகமாட்டான். அச்சத்தை விடணும்னு ஊருக்குத்தானே சொன்னான்."

செம்பி திரும்பி ஓடி வந்தாள். புல் மடங்கிக் கிடந்தது. பொட்டு இல்லை.

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த பெண்மான் நிமிர்ந்து, "தேடாதேக்கா. கொம்பன் அண்ணன் எல்லாக் குட்டிகளையும் கூட்டிட்டுப் போயிட்டார். வரிசையா நிக்க வச்சுச் சின்னச் சின்ன இலை கட்டி விட்டாங்க. பார்க்க அவ்வளவு அழகு" என்றது.

செம்பி சபைக்குப் பாய்ந்தாள். பாறையின் அடியிலேயே குட்டிகள் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் முகத்திலும் இலை. எல்லாம் ஒன்றுபோல இருந்தன. அவள் வரிசையின் ஒரு முனையிலிருந்து இடது மூக்கால் மோந்துகொண்டே போனாள். வேறு பால், வேறு பால், வேறு பால். பாறைக்கு நேர் கீழே, தன் பால்.

பொட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தது. அதற்கு மேலே சிறுத்தையார் எழுந்து நின்றிருந்தார்.

"தீர்ப்பைச் சொல்லுமுன் சற்றுக் கீழே இறங்கி வருகிறேன்" என்றார் அவர். முன்னங்கால் ஒன்று பாறையின் சரிவில் இறங்கிவிட்டது. நகம் வெளியே வந்திருந்தது. பின்னாலிருந்த கூட்டம், நடுவரின் எளிமையைப் பாராட்டிக் குளம்பு தட்டிக்கொண்டிருந்தது.

செம்பி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். தலைப்பு நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

பிறகு இலையைப் பிய்த்தெறிந்துவிட்டு, சிறுத்தையாரின் முகத்துக்கு நேராக, அடிவயிற்றிலிருந்து இருமினாள். மைமுகன் இருமுவதுபோலவே இருமினாள். "கக், கக், ககக்."

சபை ஒரு கணம் அசையவில்லை. அடுத்த கணம் சபை இல்லை. அச்சமே நோய் என்ற சேற்றப்பன்தான் முதலில் ஓடினார்; பாவம், அவருக்கு அந்த நோய் அவ்வளவு முற்றியிருந்தது. ஒரு கொம்பு தூரம் என்ற விரிகொம்பன், ஒன்பது மான்களின் முதுகில் ஏறி ஓடினார். குட்டிகள் தாய்மார்களின் பின்னால் சிதறின. சிறுத்தையார் பாதிச் சரிவில் உடம்பைத் திருப்பி, வந்த வேகத்துக்கு இரண்டு மடங்கு வேகத்தில் மருத மரத்தில் ஏறி, மைமுகன் காலி செய்த உச்சிக் கிளையில் போய் நின்றார்.

"தள்ளிப் போ. தள்ளிப் போம்மா. காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது" என்று கெஞ்சினார்.

செம்பி பொட்டுவை முன்னால் விட்டு, இன்னும் இரண்டு முறை இருமிவிட்டு நடந்தாள்.

தீர்ப்பு கிளையிலிருந்தே வழங்கப்பட்டது. முகமூடியும் வேண்டும், முசுமுசுக்கையும் வேண்டும், செம்பி வேண்டாம். இரு கட்சிகளும் அதை வரவேற்றன. அவளையும் குட்டியையும் ஓடைக்கு அப்பால் அனுப்பிவிட்டு அடுத்த பட்டிமன்றத்தையும் அறிவித்தார்கள். தலைப்பு: 'செம்பியைத் துரத்தியது சரியா, மிகச் சரியா?'

ஓடைக்கு அப்பால் புல் நன்றாக இருந்தது. மேலே மைமுகன் காவல் இருந்தான். யாரும் அவனை அதட்டவில்லை. பொட்டு கொழுத்தது.

சில நாட்கள் கழித்து ஒரு பெண்மான், தன் குட்டியோடு புதர் மறைவில் வந்து நின்றது. இரு கட்சிக்காரர்களும் பார்க்கவில்லையே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. அழகாக இலை கட்டியதாகச் சொன்ன அதே மான்.

"அக்கா, அது எப்படிக்கா இருமுறது?"

"வயித்துலேர்ந்து வரணும். தொண்டையில இருமினா நம்பமாட்டான்" என்றாள் செம்பி.

பிறகு இன்னொன்று வந்தது. பிறகு நான்கைந்து சேர்ந்து வந்தன. பகலில் கட்சிக் கூட்டத்தில் ஒன்றையொன்று திட்டிக்கொண்ட தாய்மான்கள், பொழுது சாயும்போது ஓடைக்கரையில் வரிசையாக நின்று இருமிப் பழகின.

மாதம் முடிவதற்குள் காட்டில் இருமல் பல மடங்கு கூடியிருந்தது. சாவு அநேகமாக நின்றுபோயிருந்தது. முகமூடியின் வெற்றி என்று விரிகொம்பன் விழா எடுத்தார். முசுமுசுக்கையின் வெற்றி என்று சேற்றப்பன் விருந்து வைத்தார். சிறுத்தையார் இரண்டுக்கும் வரவில்லை. விலாவெலும்பு தெரிய, முகத்தில் இரட்டைத் தேக்கிலை கட்டிக்கொண்டு, சேற்றோரத்தில் முசுமுசுக்கை மென்றுகொண்டிருந்ததை மைமுகன் கடைசியாகப் பார்த்தான்.

நீதி: சபையில் உண்மையைச் சொன்னால் தலைப்புக்குள் பேசச் சொல்வார்கள், இருமினால் உடனே வழிவிடுவார்கள். ஆகவே குழந்தைகளே, அடிவயிற்றிலிருந்து இருமப் பழகுங்கள்.