எருமை படுத்த சமையலறை

கட்டடக் கலை படித்து முடித்த புதிதில் எல்லோருக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருக்கும். எனக்குத் தலையைவிடக் கனம்தான் அதிகம்.

கொழிஞ்சாம்பாறையில் அத்தாவின் (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பெயிண்ட் கடை மாடியில் பலகை மாட்டி உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் ஈ கூட வரவில்லை (கொசு வந்தது). கடைசியில் தையல்கடை நடத்தும் தனலட்சுமி அக்கா, தன் சம்பாத்தியத்தில் வேலந்தாவளத்தில் கட்டப்போகும் வீட்டை என்னிடம் கொடுத்தார். அவர் கணவர் மயில்சாமி அண்ணனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

"பொம்பளப்புள்ளகிட்டப் போயி ஊட்டக் குடுக்கறதுங்களா? பொள்ளாச்சில நல்ல இஞ்சினியரு இருக்காருங்க" என்று என் முன்னாலேயே சொன்னார். இந்த வீடும் கைநழுவினால் பலகையைக் கழற்றிவிட்டு நான் பெயிண்ட் டப்பா எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அவர் வாயை அடைக்க ஒரு யோசனை செய்தேன். காலி மனையில் முழு வீட்டையும் சுண்ணாம்புப் பொடியால் நிஜ அளவில் கோடு போட்டுக் காட்டினேன். அக்கா அறை அறையாக நடந்து பார்த்தார். அண்ணன் இஷ்டத்துக்குக் குறுக்கே போனார். "அண்ணா, அது சுவர்! வாசல் வழியா வாங்க!" என்று கத்தினேன்.

அன்று மாட்டுச் சந்தை என்பதை மட்டும் மறந்துவிட்டேன். (அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் மறக்கிற விஷயமா அது?) சந்தைக்குப் போன எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, படுக்கையறைச் சுவரைத் துவம்சம் செய்து, ஹாலைக் கடந்து, சமையலறையில் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. துரத்தப் போன நான் துப்பட்டா தடுக்கிச் சுண்ணாம்பில் குப்புற விழுந்தேன். எழுந்து பார்த்தால் பாதிச் சந்தை மனையைச் சுற்றி நின்று சிரிக்கிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னனுங்களே" என்று ஆரம்பித்தார் அண்ணன். அக்கா அவரைக் கவனிக்கவே இல்லை. எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அம்மணி, ஒரு எரும படுத்ததுக்கே ரூமு ரொம்பிப் போச்சு? இதுக்குள்ளயா நான் காலம்பூராம் நின்னு சமைக்கோணும்?"

தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் கால் நீட்டி டிவி பார்க்க ஹாலில் தாராளமாக இடம் விட்டிருந்தேன். மிச்சம் மீதியைத்தான் அடுப்படிக்கு ஒதுக்கியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. முகத்துச் சுண்ணாம்பைக்கூடத் துடைக்காமல், கோட்டைக் காலால் அழித்து ஹாலுக்குள் தள்ளிப் போட்டேன்.

"அப்ப என்ற டிவி?" என்றார் அண்ணன்.

"சந்தைல வெச்சுப் பாருங்க" என்றார் அக்கா. கூட்டம் கைதட்டியது. வீடு என் கையிலேயே இருந்தது.

இன்று அதே மாடியில் என்னோடு இன்னும் நாலு பெண்கள் வரைகிறார்கள். படித்துவிட்டு வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்களை, வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டுக் கூட்டிவந்தேன். யார் வரைபடத்தை விரித்தாலும் அத்தா கேட்பது ஒரே கேள்விதான்: "எரும படுக்குமா?"

போன வாரம் புதிதாகச் சேர்ந்த வண்டிப்பெரியார்ப் பெண் ஜெசிந்தா பட்டென்று சொன்னாள்: "படுக்கும்ப்பா. அதுக்கப்புறமும் ரெண்டு பேரு நின்னு சமைக்கலாம். அதுல ஒருத்தரு ஆம்பள."