முப்பத்தாறு எழுத்துக் குறியீட்டைக் காவல் காத்த கதை

கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் முட்டாள்தனம் செய்யும்போது யாரும் தடுப்பதில்லை. தம்போயில் எங்கள் வீட்டில் அந்தப் பெயர் எனக்கு இருந்தது.

தங்கை கவிதாவுக்கு இங்கிலாந்தில் மருந்தியல் படிக்க இடம் கிடைத்தது. வியாழக்கிழமைக்குள் கட்டணம் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். அப்பா தன் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை என் கணக்கில் போட்டு, "பாத்து செய்யிப்பா" என்றார். திங்களன்று நானே கைப்பேசியில் அனுப்பினேன். எதற்காக என்று கேட்ட கட்டத்தில் 'தங்கைக்கு அன்பளிப்பு' என்று உருக்கமாக எழுதினேன். (பணத்தைப் பெறுவது பல்கலைக்கழகம் என்பது உறைக்கவில்லை.)

வங்கி முப்பத்தாறு எழுத்தில் ஒரு குறியீடு தந்தது. அதைப் போட்டால் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தெரியுமாம். பெருமை தாங்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூவாரில் இருக்கும் மாமா அதிலிருந்து நாலு எண்ணைப் பொறுக்கி லாட்டரியில் நம்பர் எடுத்தார்.

செவ்வாயன்று பணம் நடுவில் ஏதோ ஒரு வங்கியில் நின்றது. புதனும் அங்கேயே நின்றது. செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் அதைப் பார்ப்பதற்காக நான் கழிப்பறைக்குப் போய் வந்த வேகத்தைக் கண்டு, மேற்பார்வையாளர் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

அன்று மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு.

"சார், பேங்க்ல இருந்து பேசுறேன். நீங்க வெளிநாட்டுக்கு அனுப்பின காசு பத்தி ஒரு விவரம் வேணும்."

இப்படிப் பேசித்தானே ஊரையே ஏமாற்றுகிறார்கள்? நானா சிக்குவேன்!

"ஏம்மா, நல்லாத்தானே பேசுற? நேர்மையா ஒரு வேலைக்குப் போலாம்லா?"

"நம்பலன்னா உங்க கோட் சொல்றேன் சார், சரி பாருங்க." முப்பத்தாறையும் பிசகாமல் படித்தாள்.

"அலமாக்! குரூப்புக்குள்ள பூந்து கோட்டையும் திருடிட்டீங்களா?"

எண்ணை முடக்கினேன். அடுத்து வந்த இரண்டு எண்களையும் முடக்கி, குழுவில் எச்சரிக்கையும் போட்டேன். அத்தைமார் கைதட்டினார்கள்.

சாயங்காலம் கவிதா தேநீரைக்கூடத் தொடவில்லை. "அண்ணே, போய்ச் சேர்ந்துடுமா?"

"கோட் என் கையில இருக்கு. எங்க போயிடும்?" என்றேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலை, கெடுவின் கடைசி நாள், இருவரும் வங்கிக்கு ஓடினோம். கவுண்டரில் இருந்த பெண் குறியீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்பளிப்புன்னு எழுதி யூனிவர்சிட்டிக்கு அனுப்பியிருக்கீங்க. நடுவுல காசு நிக்கிற பேங்க் விளக்கம் கேக்குது. அதுக்குத்தான் நேத்தெல்லாம் கூப்பிட்டோம்." திரையில் என் பெயரை மறுபடி பார்த்தாள். "நேர்மையா வேலைக்குப் போகச் சொன்னது நீங்கதானே சார்? இதுதான் என் வேலை."

கவிதா என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வைக்கு, அந்தப் பெண்ணே தேவலாம் போலிருந்தது. சேர்க்கைக் கடிதத்தைக் காட்டினோம். அன்று மாலையே பணம் போய்ச் சேர்ந்தது. கவிதா அழுதாள், நானும் அழுதேன், பாதி வெட்கத்தில்.

அடுத்த தவணைகளை அப்பா என்னிடம் தரவில்லை. பஸ் பிடித்துப் போய் அந்தப் பெண்ணின் கவுண்டரிலேயே வரிசையில் நிற்கிறார். கவிதாவோ இங்கிலாந்திலிருந்து ஒவ்வொரு முறை அழைக்கும்போதும், நான் வாயைத் திறக்கும் முன்பே முந்திக்கொள்கிறாள்:

"சார், பேங்க்ல இருந்து பேசுறேன். திட்டிட்டு வெச்சிடாதீங்க, பக்கத்துல அப்பா இருந்தா அவர்கிட்ட குடுங்க."