சங்கீதக் காக்காவின் சத்தமில்லாப் படம்

கல்முனை தொடக்கம் சாய்ந்தமருது வரைக்கும் தேடினாலும் சங்கீதக் காக்காவைப் போலச் சங்கீதத்துக்காக உயிரை விட்ட மனிதர் கிடைக்க மாட்டார். இத்தனைக்கும் அவருக்கு ஒரு வரி பாடத் தெரியாது. பள்ளிவாசலில் அவர் குரலெடுத்துச் சலவாத்துச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு சாண் தள்ளி நின்றுகொள்வார்கள். அவ்வளவு இனிமை. எங்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன், பறவை இல்லை.

ஐம்பதுகளில் எங்கள் பாடசாலையில் அவர் பியோன். நான் புதிதாக வந்த இங்கிலீஷ் வாத்தியார். வயது இருபத்திரண்டு, கழுத்தில் டை, அதற்கு மேலே தலை, தலைக்கு மேலே தலைக்கனம். அந்தத் தலைக்கனம் செய்த வேலையைத்தான் சொல்ல வருகிறேன். அவசரப்படாதீர்கள், முதலில் சிரிக்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்விக் கந்தோரிலிருந்து எங்களுக்கு ஒரு புரொஜெக்டரும் ஒரேயொரு படச்சுருளும் வந்திருந்தன. கால் மணித்தியாலம் ஓடும் பொம்மைப் படம். சங்கீதம் என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வெள்ளைக்காரர்கள் எடுத்தது. அந்தப் பொம்மைகளை ஆண்டவன் படைத்த மனிதர்கள் என்று சொல்ல முடியாது. மூக்கு முக்கோணம், தோள் சதுரம், கால் ஈர்க்குச்சி. நிலமும் வானமும் ஒரே மஞ்சள். ஒருவன் குழல் ஊதினால் வாயிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கிளம்பிப் படிப்படியாக மேலே ஏறும். இன்னொருவன் மேளம் அடித்தால் கறுப்பு வட்டம் ஒன்று வீங்கிக்கொண்டு வந்து திரையை நிரப்பும். நரம்பை இழுத்தால் கோடு பாம்பாக நெளியும். காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் காட்டுகிற படம்.

பாடசாலைக்குப் பக்கத்து வளவில் பள்ளிவாசல். அதன் நிருவாகத்தில் பெரியவர் ஒரு மரைக்காயர். படம் வந்த அன்றே ஆள் வந்துவிட்டார்.

"என்னத்தப் பத்தின படம்டாப்பா?"

"சங்கீதத்தப் பத்தி, மரைக்காயர்" என்றார் காக்கா.

"அஸ்தஃபிருல்லாஹ்! பள்ளிக்குப் பக்கத்திலயா?"

"பயப்படாதீங்க. மெசின்ல சத்தம் பழுது. வாயே தொறக்கா."

மரைக்காயர் தாடியைத் தடவித் தடவி யோசித்தார். "சத்தம் இல்லாட்டி அது சங்கீதமில்ல, வெறும் படம். காட்டு. சத்தம் வந்திச்சோ, மெசினக் கடல்ல போட்டுருவன்."

மின்சாரத்துக்காகக் கிணற்றடியில் வைத்திருந்த ஜெனரேட்டர் ஊரையே எழுப்புகிற மாதிரிக் கத்தியது. அதை மரைக்காயர் கணக்கில் எடுக்கவில்லை. அது மெசினின் முனகல், அதில் குற்றமில்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் பாடசாலையில் சங்கீதம் ஊமையாக ஓடியது. யன்னல்களைப் பாயால் மறைத்து இருட்டாக்குவார்கள். காக்கா திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று விளக்கம் சொல்லுவார். வயலினைக் காட்டி, "இந்தாள் பாரைமீன் அறுக்கிறான், கத்தி மொட்டை, அதான் முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிறான்" என்பார். நீளக் குழாயை இழுத்து இழுத்து ஊதுகிறவன் வந்தால், "இவருக்கு மூக்கடைப்பு. மெதுவா எடுக்கிறார்" என்பார். அதன் பிறகுதான் உண்மையான பாடம். கோடு மேலே ஏறும்போது பிள்ளைகள் எல்லாரும் "ஈ" என்று இழுக்க வேண்டும். வட்டம் வரும்போது வயிற்றிலிருந்து "பும்" என்று சொல்ல வேண்டும். நெளிந்தால் "ழூ ழூ". எண்பது பிள்ளைகள் ஒன்றாகப் போடுகிற அந்தக் கூச்சலில் ஓட்டுக்குள் இருந்த புறாக்கள் எங்களை விட்டே போய்விட்டன.

மற்ற ஊர்ப் பாடசாலைகளுக்கும் மாட்டு வண்டியில் மெசினைக் கொண்டுபோவார். மாரி மழையில் ஒரு நாள் எதிரே வந்தார். குடை மெசினுக்கு, மழை அவருக்கு. இன்னொரு நாள், காய்ச்சல்காரருக்கு ஓதிக் கட்டுகிற லெவ்வையிடம் போய்க் கழுத்தில் கட்ட நூல் ஓதிக் கேட்டிருக்கிறார்.

"ஆருக்குக் காய்ச்சல்?"

"மெசினுக்கு, லெவ்வை. நெத்தி நெருப்பாக் கொதிக்கிது."

லெவ்வை ஏசிக்கொண்டே ஓதிக் கொடுத்தார். கடைசி வரைக்கும் அந்தக் கறுப்பு நூல் புரொஜெக்டரின் கழுத்தில் கிடந்தது.

மருதமுனை நெசவுக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, ஏறுகிற கோட்டை அப்படியே சாரத்தின் கரையில் நெய்து, அதை உடுத்திக்கொண்டு எங்கள் பள்ளிக்கு ஜும்ஆவுக்கு வந்துவிட்டார். மரைக்காயர் மறித்தார்.

"இதென்ன கரை?"

"குழல் சத்தம், மரைக்காயர்."

மரைக்காயர் குனிந்து சாரத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தார். "ஒண்டும் கேக்கல்ல. உள்ள போ."

இனிச் சிரிப்பு முடிந்தது. காக்காவுக்கு ஒரே பிள்ளை, சபியா. வாயாடியாக இருந்த பிள்ளை. ஐந்து வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் காக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். போன காது திரும்பாது. பேச்சு இன்னும் இருக்கிறது, ஆனால் பேசாமல் விட்டால் அதுவும் போய்விடும். எப்படியாவது வாயைத் திறக்க வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சபியா வாயைத் திறந்தால்தானே! அவள் குரல் கோணி வருகிறது என்று ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதைக் கண்டுகொண்டவள் ஏழு வயதில் வீட்டிலும் பேச்சை நிறுத்திவிட்டாள். உம்மா அழுது பார்த்தாள், வாப்பா கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை.

ஒரு நாள் காக்கா அவளைப் படம் பார்க்க முன் பாயில் உட்கார வைத்தார். கோடு ஏறியது. எண்பது பிள்ளைகளின் வாயும் திறந்தது. சபியாவின் வாயும் திறந்தது. "ஈ" என்று கோணலாக ஒரு சத்தம். சிரிக்க ஆளில்லை, எல்லாச் சத்தமும் கோணல்தான். அடுத்த கிழமை "பும்" வந்தது. அதற்கடுத்த கிழமை வீட்டில் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு "வேணாம்" என்றாளாம். காக்கா பாடசாலைக்கு ஓடி வந்து, "சேர், என்ட புள்ள வேணாமெண்டு சொல்லிட்டாள், வேணாமெண்டு சொல்லிட்டாள்!" என்று வராந்தாவில் நின்று அழுதார். பிள்ளை சோறு வேண்டாம் என்றதற்கு ஆனந்தப்பட்ட தகப்பனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தத்தோடு காட்டவேண்டிய படத்தை இந்தப் பட்டிக்காட்டில் ஊமையாகக் காட்டுகிறார்களே என்று எனக்கு ஒரே மானக்கேடாக இருந்தது. மெசின் பழுது, உடனே மெக்கானிக்கை அனுப்பவும் என்று கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அருமையான இங்கிலீஷ். எழுதிவிட்டு இரண்டு தடவை வாசித்து நானே மெச்சிக்கொண்டேன். காக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாத்தியார் பியோனிடம் கேட்பதா?

மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் மெக்கானிக் வந்து இறங்கிய நேரம் காக்கா தபாற் கந்தோருக்குப் போயிருந்தார். வந்தவர் மெசினின் பின்புறத்தைத் திறந்து பார்த்தார்.

"பழுதொண்டுமில்ல சேர். சத்தத்துக்கு உள்ள வால்வு ஒண்டக் காணல்ல. ஆரோ கழட்டியிருக்கான்."

பையிலிருந்து சின்ன பல்ப் மாதிரியான புது வால்வு ஒன்றை எடுத்துப் போட்டார். எனக்குப் பொறுமை இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாயால் யன்னலை மறைத்து, படத்தை ஓட விட்டேன்.

வெடித்தது சத்தம். குழலும் மேளமும் வயலினும் ஒன்றாகப் பாய்ந்து வந்தன. பிள்ளைகள் ஒரு கணம் பயந்தார்கள், பிறகு துள்ளினார்கள். தோளை ஆட்டினார்கள், கையைத் தட்டினார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாயிலும் "ஈ" இல்லை, "பும்" இல்லை. யாருக்கு வேண்டும்? அதுதான் பெட்டியே சொல்லுகிறதே.

முன் பாயில் சபியா மட்டும் கோடு ஏறியதும் பாடம் தவறாமல் "ஈ" என்றாள். பக்கத்தில் இருந்த பிள்ளை திரும்பி அவள் வாயைக் கையால் பொத்தியது.

"சத்தம் போடாதகா! பாட்டுக் கேக்கேலாமக் கிடக்கு!"

சபியாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் அவள் திரும்பி எல்லா முகங்களையும் பார்த்தாள். ஆடுகிற தோள்களைப் பார்த்தாள். தனக்கு வராத ஏதோ ஒன்று இவர்கள் எல்லாருக்கும் வந்துகொண்டிருக்கிறது என்று விளங்கிக்கொண்டாள். நான் அந்த முகத்தைப் பார்த்தேன். இந்த வயது வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மரைக்காயர் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவருக்கு முன்னமே தபால் பையோடு காக்கா வாசலில் நின்றார். மெசின் பக்கம் அவர் வரவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் என் மேசைக்கு வழக்கம் போலத் தேத்தண்ணி வந்தது. பக்கத்தில் கைலேஞ்சித் துணியில் சுற்றிய ஒரு கண்ணாடி வால்வு.

"இத நான்தான் கழட்டினன், சேர். மெசின் வந்த அண்டே."

"ஏன் காக்கா எனக்குச் சொல்லல்ல?"

"கவருமெண்டுச் சாமான். சொன்னா உங்களுக்கும் வில்லங்கம்." தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "அந்தக் கால் மணித்தியாலம் எல்லாப் புள்ளயளும் என்ட புள்ளயப் போலதான் சேர் இருந்திச்சிகள். ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்காது. அதுக்குத்தான்."

"இதத் திரும்பக் கழட்டிருவம் காக்கா. பழையபடி காட்டுவம்."

"இனிச் சரிவரா சேர். அவள் கண்டுட்டாள்."

மரைக்காயர் மெசினைக் கடலில் போடவில்லை. படச்சுருளைத் திருப்பி அனுப்ப வைத்தார், அவ்வளவுதான். சபியா அதன் பிறகு "வேணாம்" என்றுகூடச் சொல்லவில்லை. நான் படங்கள் கீறிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன், கோடும் வட்டமும் கீறிக் காட்டிப் பார்த்தேன். பிள்ளை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருக்கும். வாய் திறக்காது.

காக்கா ஓய்வு பெறும் வரைக்கும் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். சீனி ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார். ஒவ்வொரு பெருநாளும் மகளின் கையில் ஒரு தட்டைக் கொடுத்து என் வீட்டுக்குக் கூட்டி வருவார். வேலிப் படலையில் நின்றுகொண்டு, அவளுக்கு முகம் தெரியும்படி குனிந்து, "சேர்ட கையில குடுத்திட்டு வாகா மனே" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவார். அவள் தட்டை என் கையில் தந்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போவாள்.

காக்கா மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல வருசமாகிவிட்டது. ஒரு நாளாவது அந்த மனிதர் என்னை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி ஏசிவிட்டுப் போயிருக்கலாம்.